படிவுப் பாறை அடுக்குகளைப் படித்து ஒரு படுகையின் பெட்ரோலிய வளத்தை மதிப்பிடுவது எப்படி?

படுகை ஒன்றில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவுப் பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அங்கே எண்ணெயோ எரிவாயுவோ இருக்குமா, இருந்தால் எவ்வளவு என்று அந்த அடுக்குகளை வைத்தே சொல்ல முடியுமா என்பது கேள்வி. வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லலாம். "இருக்கிறது" என்று உறுதியாகச் சொல்வது துளையிட்ட பிறகுதான். வாய்ப்பைக் கணிக்கும்போது நல்ல பாறைகளைத் தேடிப் பட்டியல் போடுவதோடு நின்றுவிடக் கூடாது. அவை எந்த வரிசையில் படிந்தன, எப்போது எவ்வளவு ஆழத்துக்குப் புதைந்தன, அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனம் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

கண்ணிகள் இவை. கரிமப் பொருள் செறிந்து, புதைந்த ஆழத்தின் சூட்டில் வெந்து, எண்ணெயை வெளியிட்ட மூலப்பாறை வேண்டும். அந்த எண்ணெயைத் துளைகளில் ஏந்திக்கொள்ளும் தேக்கப்பாறை வேண்டும். மேலே ஏறித் தப்பிவிடாமல் தடுக்கும் மூடுபாறை வேண்டும். தேக்கப்பாறையும் மூடுபாறையும் சேர்ந்து, எண்ணெய் சிக்கிக்கொள்ளும் ஒரு பொறியாக வளைந்தோ வெட்டுப்பட்டோ இருக்க வேண்டும். எண்ணெய் நகரத் தொடங்கும் முன்பே அந்தப் பொறி உருவாகியிருக்கவும் வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயல் (கண்டுபிடிப்பு 1959) இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கீழே கார்போனிஃபெரஸ் கால நிலக்கரி அடுக்குகள் எரிவாயுவைத் தந்தன, நடுவில் இருக்கும் ரோட்லீகென்ட் மணற்பாறை அதை ஏந்தியது, மேலே செக்ஸ்டைன் உப்பு மூடியது. சவூதி அரேபியாவின் கவார் வயலிலும் இப்படித்தான்: ஜுராசிக் கால மூலப்பாறை, அதன்மேல் அரபு-டி சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் அன்ஹைட்ரைட் (நீரற்ற ஜிப்சம்).

மூலப்பாறை எப்போதும் தேக்கப்பாறைக்குக் கீழேதான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வட கடலில் கிம்மெரிட்ஜ் களிப்பாறை மேல் ஜுராசிக்கைச் சேர்ந்தது, அதன் எண்ணெயை ஏந்தும் பிரென்ட் மணற்பாறை நடு ஜுராசிக்கைச் சேர்ந்தது. வயதில் இளைய பாறை மூத்த பாறைக்கு எண்ணெய் கொடுத்திருக்கிறது. பிளவுகள் பாறைத் துண்டங்களைச் சாய்த்து உயர்த்தியதால், உயர்ந்து நிற்கும் மணற்பாறையின் பக்கவாட்டில், அதைவிட ஆழத்தில் மூலப்பாறை வந்து நின்றது. அடுக்கின் வரிசையோடு அதன் வடிவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

முதல் வேலை, படுகையின் அடுக்கு வரிசையைக் கட்டமைப்பது. ஈர்ப்பு அளவீடும் காந்த அளவீடும் அடித்தளப் பாறை எங்கே ஆழமாக இருக்கிறது என்று தோராயமாகக் காட்டும். வண்டல் 2 கி.மீ.க்கும் குறைவாகவே இருக்கும் படுகையில், கடந்த காலத்தில் இன்னும் ஆழமாகப் புதைந்திருந்து பிறகு அரிக்கப்பட்டது என்ற சான்று கிடைக்காவிட்டால், எண்ணெய் வேகும் அளவுக்குச் சூடு ஏறியிருக்க வாய்ப்புக் குறைவு. அடுத்து, பாறை வெளித்தெரியும் இடங்களில் அடிமுதல் முடிவரை அளந்து நீள்வெட்டு எழுத வேண்டும். தடிமன், மணித்துகளின் அளவு, நிறம், அடுக்குக் கோடுகள், உயிரினங்கள் தோண்டிய குழிகள், தொல்லுயிர் எச்சங்கள், அடுக்குகளுக்கு இடையே மேற்பரப்பு அரிக்கப்பட்ட தடயம் எல்லாம் அதில் வர வேண்டும். கிணறுகள் இருந்தால், உள்ளே கருவி இறக்கி எடுக்கும் காமா கதிர்ப் பதிவு, மின்தடைப் பதிவு, ஒலிப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு இதையே ஆழத்தில் செய்யலாம்.

பெரும்பாலான மதிப்பீடுகள் தடம் புரள்வது இந்த வரிசைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இணைக்கும்போதுதான். ஒரு கிணற்றில் மணற்பாறை, 20 கி.மீ. தள்ளி இன்னொரு கிணற்றிலும் மணற்பாறை. இரண்டையும் கோட்டால் இணைத்து ஒரே அடுக்கு என்று சொல்லிவிடத் தோன்றும். கடல் மெல்ல நிலத்தை நோக்கி முன்னேறியிருந்தால், கடற்கரை மணலும் அதோடு நகர்ந்துகொண்டே போயிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அந்த இரண்டு மணலும் வெவ்வேறு காலத்தவை, இடையில் தொடர்பற்ற தனித்தனி உடல்களாகவும் இருக்கலாம். அதனால் பாறை வகையை வைத்து இணைக்கக் கூடாது. கடல் மிக ஆழமாக முன்னேறிய தருணத்தில் படிந்த மெல்லிய களிப்பாறை, எரிமலைச் சாம்பல் படலம், மகரந்தமும் நுண்ணுயிர் எச்சமும் தரும் வயது இவற்றை வைத்து இணைக்க வேண்டும். காமா கதிர்ப் பதிவில் உச்சத்தில் நிற்கும் களிப்பாறைதான் பெரும்பாலும் அந்தக் கடல் முன்னேற்றக் குறி. அது மூலப்பாறையாகவும் இருக்கக்கூடும் என்பதால் இரட்டிப்புப் பயன்.

நிலத்துக்குள் அதிர்வலைகளை அனுப்பி, பாறைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிந்த நில அதிர்வுப் படத்தின் கோடுகள் பெரும்பாலும் ஒரே காலத்துப் பரப்புகளைத் தொடர்வதால் இணைப்புக்கு நல்ல துணை. ஆனால் அவற்றின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. பாறையில் அலையின் வேகம் விநாடிக்கு 3,000 மீ., அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீ. அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பிரிந்து தெரியாது. 15 மீ. மணற்பாறை நல்ல தேக்கமாக இருக்கலாம், ஆனால் அதன் தடிமனை நில அதிர்வுப் படத்திலிருந்து நேரடியாக அளக்க முடியாது.

இனி மூலப்பாறை. கையில் எடுக்கும்போதே சில அறிகுறிகள் தெரியும். நல்ல மூலப்பாறை கரும்பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில், காகிதத் தாள்களைப் போல் மெல்லிய வரிகளாகப் பிரியும். வரிகள் கலையாமல் இருந்தால், அடியில் ஆக்சிஜன் இல்லாததால் புழுக்கள் தோண்டவில்லை என்று பொருள். கரிமப் பொருள் தப்பிப் பிழைத்ததற்கும் அதுதான் காரணம். வெள்ளைப் பீங்கானில் கீறினால் பழுப்புக் கோடு விழும். உடைக்கும்போது சில வகைகளில் எண்ணெய் வாசம் வரும். வெறும் கறுப்பு நிறத்தை நம்பிவிடக் கூடாது. மிக நுண்ணிய பைரைட் (இரும்பு சல்பைடு) கூடப் பாறையைக் கறுப்பாக்கும்.

மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. வெளித்தெரியும் பாறையின் மேற்பரப்பில் காற்றும் நீரும் கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். கரிம அளவும் ஹைட்ரஜனும் குறைந்து, நல்ல பாறை மோசமானதாகத் தெரியும். முடிந்தவரை உள்ளே தோண்டி, துருக்கறை இல்லாத புதுப் பாறையை எடுக்க வேண்டும். கிணற்றுத் துகள்களில் வேறு தொல்லை. மேலிருந்து உதிர்ந்து விழுந்த துகள்கள் கலந்திருக்கும். துளையிடும்போது கிணற்றில் செலுத்தும் சேற்றில், அதாவது துளைச்சேற்றில், எண்ணெய் கலந்திருந்தால் பாறையே எண்ணெய் கொண்டது போல் காட்டும். சேற்றில் லிக்னைட் சேர்த்திருந்தால் கரிம அளவு பொய்யாக உயரும். ஆய்வகத்துக்கு அனுப்புமுன் துளைச்சேற்றின் விவரத்தைக் கேட்டு வாங்குவது மிக முக்கியம்.

ஆய்வகத்தில் முதலில் மொத்தக் கரிமக் கார்பனின் அளவு. களிப்பாறையில் எடையில் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பயனில்லை, 0.5 முதல் 1 வரை சுமார், 1 முதல் 2 வரை நல்லது, 2க்கு மேல் மிக நல்லது. இந்த எண் மட்டும் போதாது. அந்தக் கார்பன் எந்த வகை என்பதை ராக்-இவால் என்னும் சூடேற்றும் சோதனை சொல்லும். பாறைத் தூளை ஆக்சிஜன் இல்லாமல் படிப்படியாகச் சூடாக்கும்போது முதலில் வெளிவருவது ஏற்கெனவே உருவாகியிருந்த எண்ணெய், அது எஸ்1. அடுத்து கெரோஜன், அதாவது பாறையில் இறுகிய திடக் கரிமப் பொருள், சிதைந்து வருவது எஸ்2. இன்னும் எவ்வளவு உருவாக்க முடியும் என்பதன் அளவு அது. எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலையிலிருந்து பெறுவது டிமேக்ஸ், பாறை எவ்வளவு வெந்தது என்று அது காட்டும். எஸ்2ஐக் கரிம அளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியீடு.

இரண்டு மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதல் மாதிரியில் கரிமம் 2.8 சதவீதம், எஸ்1 கிராமுக்கு 0.6 மி.கி., எஸ்2 12 மி.கி., டிமேக்ஸ் 438 டிகிரி செல்சியஸ். ஹைட்ரஜன் குறியீடு சுமார் 429. இது கடல் பாசிகளிலிருந்து வந்த இரண்டாம் வகைக் கெரோஜன். எண்ணெய் தரும், வேகத் தொடங்கியிருக்கிறது. எஸ்1ஐ எஸ்1, எஸ்2 இரண்டின் கூட்டலால் வகுத்தால் 0.05தான் வருகிறது. எண்ணெய் உருவாகும் வெப்ப இடைவெளியான எண்ணெய்ச் சாளரத்தின் நடுப்பகுதியில் இது 0.1ஐத் தாண்டியிருக்கும் என்பதால் இந்தப் பாறை இப்போதுதான் வாசலில் நிற்கிறது. இரண்டாவது மாதிரியிலும் கரிமம் அதே 2.8 சதவீதம், ஆனால் எஸ்2 1.1 மி.கி. மட்டும். குறியீடு 39. பாறை அதிகம் வேகாதது என்றால், இது எரிந்தோ ஆக்சிஜனேற்றமாகியோ செத்துப்போன கரிமம். எவ்வளவு சூடேற்றினாலும் எண்ணெய் வராது. கரிம அளவை மட்டும் பார்த்திருந்தால் இரண்டையும் ஒன்றாக எண்ணியிருப்போம்.

ஹைட்ரஜன் குறியீடு 600க்கு மேல் என்றால் ஏரிப் பாசிகளின் முதல் வகை, 300 முதல் 600 வரை கடல் சார்ந்த இரண்டாம் வகை, 50 முதல் 200 வரை நிலத் தாவரங்களின் மூன்றாம் வகை. மூன்றாம் வகை பெரும்பாலும் எரிவாயு தரும். இடைப்பட்டவை கலவை. இந்த எல்லைகள் வேகாத பாறைக்கே பொருந்தும். வெந்துமுடிந்த முதல்தரப் பாறை தன் ஹைட்ரஜனை எண்ணெயாகக் கொடுத்துவிட்டதால் குறியீடு 50 என்று காட்டலாம். அதை மூன்றாம் வகை என்று ஒதுக்கினால் படுகையின் சிறந்த மூலப்பாறையையே தவறவிடுவோம். எஸ்2 0.2 மி.கி.க்குக் கீழே இருந்தால் டிமேக்ஸை அறவே நம்பக் கூடாது. உச்சமே சரியாக உருவாகாது.

பாறை வெந்ததா என்பதற்குக் கூடுதல் சான்று விட்ரினைட் எதிரொளிப்பு. மரத்திலிருந்து வந்த இந்தத் துகள், சூடேறச் சூடேற ஒளியை அதிகம் எதிரொளிக்கும். சுமார் 0.6 சதவீதத்தில் எண்ணெய் தொடங்கி 1.3இல் முடிகிறது, 2 வரை ஈரவாயு (திரவமாகக்கூடிய கூறுகள் கலந்த எரிவாயு), அதற்கு மேல் உலர்வாயு (பெரும்பாலும் மீத்தேன்). பழைய பாறையிலிருந்து அரித்து வந்து மறுபடி படிந்த விட்ரினைட் கலந்திருந்தால் எண் உயரும். எண்ணெய்ச் செறிவான கெரோஜன் நடுவே இருக்கும் விட்ரினைட் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரே எண்ணைப் பெற்றுத் திருப்தி அடையாமல், ஆழத்தோடு அது எப்படி உயர்கிறது என்ற கோட்டை வரைய வேண்டும்.

அந்தக் கோடு இன்னொரு உண்மையையும் சொல்லும். தொடர்ந்து படிந்துகொண்டே வந்த படுகையில், மடக்கை அளவுகோலில் வரைந்த கோட்டை மேல்நோக்கி நீட்டினால் தரைமட்டத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதத்தைத் தொடும். தரையிலேயே 0.5 என்று தொட்டால், அங்கே மேலிருந்த பாறை அரிக்கப்பட்டுப் போயிருக்கிறது. 0.2ஐ அடைய எவ்வளவு உயரம் நீட்ட வேண்டும் என்பதே அரிக்கப்பட்ட தடிமன். இது தெரியாமல் இன்றைய ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பாறை வேகவில்லை என்று தப்பாக முடிவெடுப்போம்.

இவற்றைக் கொண்டு புதைவு வரலாற்று வரைபடம் போட வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் எந்தக் காலத்தில் எந்த ஆழத்தில் இருந்தது என்று காட்டுவது அது. புதைந்த களிப்பாறை அமுங்கி மெலிந்திருப்பதால், மேல் அடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு படியிலும் கீழே இருப்பதை அமுக்கம் நீக்கித் தடிமனாக்கிக் கணக்கிட வேண்டும். பிறகு வெப்பம். தரையில் 20 டிகிரி செல்சியஸ், கி.மீ.க்கு 30 டிகிரி உயர்வு என்றால் 60 டிகிரி 1.3 கி.மீ. ஆழத்திலும் 120 டிகிரி 3.3 கி.மீ. ஆழத்திலும் வரும். எண்ணெய் உருவாகும் பகுதி பெரும்பாலும் இந்த இடைவெளியில். வெப்பநிலையோடு காலமும் கணக்கில் வரும்; பழைய தோராய முறையில் 10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்று கொள்வார்கள். கிணற்றடியில் அளந்த வெப்பநிலையை அப்படியே போடக் கூடாது. துளைச்சேறு பாறையைக் குளிர்வித்திருக்கும், திருத்தம் செய்யாவிட்டால் படுகையே குளிர்ந்ததாகத் தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. கிணறுகள் பொதுவாக மேடான அமைப்புகளில்தான் துளையிடப்படும். வெளித்தெரியும் பாறைகள் படுகையின் விளிம்பில் இருக்கும். இரண்டு இடங்களிலும் மூலப்பாறை மெலிந்தும் வேகாமலும் இருப்பது இயல்பு. அதைக் கண்டு படுகை முழுவதையும் ஒதுக்குவது தவறு. நடுப்பள்ளத்தில் அதே அடுக்கு தடிமனாகவும் 2 கி.மீ. கூடுதல் ஆழத்திலும் இருக்கலாம். கிம்மெரிட்ஜ் களிப்பாறை இங்கிலாந்தின் டார்செட் கரையில் வேகாமல் கிடக்கிறது. வட கடலின் பள்ளங்களில் அதுவே எண்ணெய் தந்தது. அமெரிக்காவின் கிரீன் ரிவர் அடுக்கும் இப்படித்தான்: பல இடங்களில் கரிமம் மிகுந்தும் வேகாத எண்ணெய்ப் பாறையாகவே நிற்கிறது, யூன்டா படுகையின் ஆழப் பகுதியில் வெந்து எண்ணெய் கொடுத்திருக்கிறது.

தேக்கப்பாறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். படியும்போது மணலில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம். புதையப் புதைய அமுக்கத்தாலும் சிமெண்டாலும் அது குறையும். 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தைத் தாண்டினால் குவார்ட்ஸ் சிமெண்ட் வேகமாக வளரும். மணிகளைக் குளோரைட் என்னும் களிக் கனிமத்தின் படலம் போர்த்தியிருந்தால் குவார்ட்ஸ் வளர இடமில்லாமல் ஆழத்திலும் துளைகள் பிழைக்கும். ஃபெல்ட்ஸ்பாரும் எரிமலைத் துகள்களும் நிறைந்த மணல் சிதைந்து களியாகி வழியை அடைத்துவிடும். துளைமை 15 சதவீதம் இருந்தும் ஊடுருவுதிறன் (திரவம் பாறை வழியே ஓடும் எளிமை) 1 மில்லிடார்சி என்ற அளவுக்குக் கீழே விழுந்துவிடும். வெளித்தெரியும் பாறையில் அளந்த துளைமையை ஆழத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது, மழைநீர் சிமெண்டைக் கரைத்திருக்கும். சுண்ணாம்புப் பாறையில் படிந்த விதத்தைவிடப் பிறகு நேர்ந்த கரைதலும் டோலமைட் மாற்றமுமே பெரும்பாலும் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

மூடுபாறையில் உப்பும் அன்ஹைட்ரைட்டும் முதல்தரம், களிப்பாறை அடுத்தது. எண்ணெய்க்கும் நீருக்கும் அடர்த்தி வேறுபாடு 0.3 என்றால், ஒவ்வொரு மீட்டர் எண்ணெய் உயரத்துக்கும் சுமார் 3 கிலோபாஸ்கல் அழுத்தம் மூடியை முட்டும். எரிவாயுவுக்கு இது இரண்டு மடங்குக்கும் மேல். மூடியின் தாங்குதிறனைப் பாதரசம் செலுத்தி அளப்பார்கள். அந்த எண்ணை எண்ணெய்-நீருக்கு மாற்றாமல் பயன்படுத்தினால் பத்து மடங்குக்கும் மேல் மிகையாகிவிடும். தடிமனைவிடத் தொடர்ச்சி முக்கியம். 15 மீ. மூடியை 40 மீ. இடப்பெயர்ச்சியுள்ள பிளவு வெட்டினால், மணலுக்கு எதிரே மணல் வந்து கதவு திறந்துவிடும்.

காலம் தவறுவதன் விலைக்கு அலாஸ்கா கடலில் 1983இல் துளைத்த முக்லுக் கிணறு சான்று. பெரிய பொறி, நல்ல தேக்கப்பாறை, அருகில் புரூடோ விரிகுடா என்ற மாபெரும் வயல். குத்தகையும் துளையிடலும் சேர்ந்து 100 கோடி டாலருக்கு மேல் செலவு. கிடைத்தது பாறையில் எண்ணெய்க் கறை மட்டுமே. எண்ணெய் ஒரு காலத்தில் அங்கே இருந்திருக்கிறது. பிறகு மூடி கசிந்தோ அமைப்பு சாய்ந்தோ வெளியேறிவிட்டது. பொறி உருவான காலம், எண்ணெய் நகர்ந்த காலம், அதற்குப் பிந்தைய சாய்வு, அரிப்பு, பிளவு அசைவு ஆகியவற்றை ஒரே காலக்கோட்டில் வரிசையாக எழுதிப் பார்ப்பது அதனால் கட்டாயம்.

அளவுக் கணக்குக்கு வருவோம். வெந்த மூலப்பாறை 1,000 சதுர கி.மீ. பரப்பில் 50 மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 2.4, கரிமம் 3 சதவீதம், ஹைட்ரஜன் குறியீடு 500இலிருந்து 200க்கு இறங்கியிருக்கிறது. பாறையின் எடை 12,000 கோடி டன், அதில் கரிமம் 360 கோடி டன். கரிமத்தின் ஒவ்வொரு கிராமும் 300 மி.கி. கொடுத்திருப்பதால் உருவானது சுமார் 108 கோடி டன், அதாவது 790 கோடி பீப்பாய்க்கு அருகில். இதில் பெரும்பகுதி மூலப்பாறையிலேயே தங்கும், வழியில் மணலில் ஒட்டும், தரைக்குக் கசியும். பொறிகளில் சேர்வது சில சதவீதமே. 5 சதவீதம் என்று கொண்டால் சுமார் 40 கோடி பீப்பாய்; அதில் மூன்றில் ஒரு பங்கை எடுக்க முடிந்தால் 13 கோடி. வெந்த பாறையில் இன்று அளக்கும் கரிமம் தொடக்க அளவைவிடக் குறைவு என்பதால் இந்தக் கணக்கு கீழ்ப்பக்கமே சாயும். மூலப்பாறையின் நிகரத் தடிமனை, அதாவது உண்மையில் கரிமம் செறிந்த பகுதியின் தடிமனைக் கவனிக்காமல் அடுக்கு முழுவதையும் 3 சதவீதம் என்று எடுத்தால் எதிர்ப்பக்கம் பல மடங்கு சாயும். இந்தப் பிழையைத்தான் அதிகம் பார்க்க நேரும்.

கடைசியாக வாய்ப்பு. மூலம் 0.8, தேக்கம் 0.7, பொறியும் காலமும் 0.6, மூடி 0.5 என்று மதிப்பிட்டால், பெருக்கி வருவது 0.17. ஆறில் ஒரு கிணறு தேறும். மூலப்பாறைக்கு இன்னும் நூறு மாதிரி ஆய்ந்து 0.8ஐ 0.9 ஆக்கினால் மொத்தம் 0.19தான். மூடியைச் சரியாகப் படித்து 0.5ஐ 0.8 ஆக்க முடிந்தால் 0.27. பணத்தையும் நேரத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்தப் பெருக்கல் சொல்லிவிடும். ஒருவேளை அந்த ஆய்வு மூடியை 0.2க்கு இறக்கினாலும் லாபமே, ஒரு கிணற்றின் செலவு மிஞ்சும்.

வறண்ட கிணற்றையும் இதே முறையில் படிக்க வேண்டும். பொறி மூடவில்லை என்பதால் வறண்டிருந்தால் அந்த ஓர் அமைப்பு மட்டுமே தோற்றது, பக்கத்து அமைப்புகளின் வாய்ப்பு மாறாது. தேக்கப்பாறை களியாகி அடைபட்டிருந்தால் அதே ஆழத்தில் அதே மணல் வரும் எல்லா இடங்களையும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். நடுப்பள்ளத்திலேயே மூலப்பாறை வேகவில்லை என்று தெரிந்தால், அதை நம்பி வரைந்த அத்தனை இடங்களும் ஒரே நாளில் பட்டியலிலிருந்து போகும்.